ஒரு நல்ல வார்த்தை கூட இல்லை

சிகரெட்டை விட்ட இரண்டாம் நாள் நான் எங்கள் வீட்டு அலமாரிக் கதவோடு சண்டை போட்டேன். அது சரியாக மூடவில்லை. பதினோரு வருஷமாகவே அது சரியாக மூடியதில்லை. அன்றைக்குத்தான் அது வேண்டுமென்றே என்னை வம்புக்கு இழுப்பதாகப் பட்டது. ஓங்கி ஒரு குத்து விட்டேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "காலுக்குத்தான் ஆபரேஷன்னு சொன்னாங்க. கைக்கும் சேர்த்துப் பண்ணச் சொல்லவா?" என்றாள்.

கால்தான் விஷயம். இடது காலில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. ஐம்பது அடி நடந்தால் கெண்டைச்சதையை யாரோ இடுக்கியால் பிடித்துத் திருகுவது போல வலிக்கும். கட்டைவிரல் நுனி கறுக்க ஆரம்பித்திருந்தது. வேறு குழாய் வைத்துத் தைக்கலாம் என்றார் சர்ஜன். ஆனால் ஒரு நிபந்தனை.

"சிகரெட் பிடிக்கிறவருக்கு வச்ச குழாய் மறுபடியும் அடைச்சுக்கும். என் நேரமும் வீண், உங்க காலும் வீண். வர்ற திங்கள்லேர்ந்து ஒரு வாரம் விட்டுட்டு, அடுத்த திங்கள் ஊதிக் காட்டுங்க. ஆறுக்குக் கீழே வந்தா தேதி தர்றேன். வரலைன்னா லிஸ்ட்ல அடுத்தவரைக் கூப்பிடுவேன். உங்க முறை மறுபடி வர்ற வரைக்கும் அந்தக் கால் தாங்காது."

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஊதிக் காட்டுவது ஒரு சின்ன இயந்திரத்தில். செல்போன் அளவு இருக்கும். மூச்சைப் பிடித்து வைத்து அட்டைக் குழலில் ஊதினால், சிகரெட் புகையிலிருக்கும் விஷவாயு உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எண் காட்டும். பிடிக்கிறவனுக்கு இருபது, முப்பது. விட்டவனுக்கு இரண்டு, மூன்று. மருத்துவமனை மாடியில் சிகரெட்டை விடுகிறவர்களுக்குக் குழு நடத்தும் சிஸ்டரிடம் அந்த இயந்திரம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் ஐந்து மணிக்கு வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. கை துறுதுறுத்தால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஜோடிக்குப் போன் செய்ய வேண்டும். அவன் எடுத்தே ஆக வேண்டும்.

எனக்கு வாய்த்த ஜோடி என் சகலை, மனைவியின் தங்கை புருஷன். அவனும் விட வேண்டியவன்தான். அக்காளும் தங்கையும் போனில் பேசி முடித்து, பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். எனக்கும் அவனுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் அவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். ஒன்பதாம் நாள், பின்சீட்டில் இரண்டு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கி உட்கார்ந்திருக்க, ஒரு திருப்பத்தில் அவன் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இந்த ஜென்மத்துல வண்டி வராது. இறங்கிப் பின்னாடி உட்காருங்க," என்றான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டான், அவ்வளவு மரியாதையாகத் திட்டுவான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் இறங்கினேன். பின்னால் உட்காரவில்லை, நடந்தே வீட்டுக்குப் போனேன். அப்போது நடக்கக் கால் இருந்தது.

முதல் திங்கட்கிழமை எல்லோரும் பாக்கெட்டை ஒரு வாளித் தண்ணீரில் போட்டோம். ஊதியதில் எனக்கு இருபத்துநான்கு, அவனுக்கு இருபத்தாறு. "சகலைங்கள்ல சின்னவர் ஜாஸ்தி," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார், தானாகவே. அந்த ஆளை எனக்கு அந்த நிமிஷத்திலிருந்தே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் சகலைக்குப் பதினோரு முறை போன் செய்தேன்.

"என்ன?"

"வேணும் போல இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. வந்து தாலாட்டவா?"

"உன்கிட்ட பேசச் சொன்னவங்களை முதல்ல உதைக்கணும்."

"மூணு நிமிஷம் தாங்குங்கண்ணே. சிஸ்டர் சொன்னாங்கல்ல, மூணு நிமிஷத்துல அடங்கிடுமாம். மூணு நிமிஷம் தாங்க முடியாதவருக்கு கியர் எப்படி வந்திருக்கும்?"

அதற்குப் பிறகு மூன்று நிமிஷம் என்ன, பத்து நிமிஷம் அவனைத் திட்டுவேன். அவனும் சளைக்க மாட்டான். போனை வைக்கும்போது சிகரெட் ஞாபகம் போயிருக்கும். இதில் ஏதோ வைத்தியம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை அவனிடம் சொல்லும் அளவுக்கு நான் இளகிப்போகவில்லை.

நான் வேலை செய்வது ஹோட்டல் துணிகளைத் துவைக்கும் லாண்டரியில். துவைத்த பெட்ஷீட்டெல்லாம் பின்னறைக்கு வரும். அங்கே காஸில் ஓடும் நான்கு பெரிய டிரையர்கள். அவற்றில் துணியைப் போட்டு எடுப்பது நான். எடுத்ததை நீள மேஜையில் போட்டு மடிப்பது ஒரு அக்கா. மடிப்பக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கையும் வாயும் சேர்ந்தே ஓடும். இரண்டில் எது வேகம் என்று சொல்ல முடியாது.

அந்த அறையில் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு வென்டிலேட்டர் உண்டு. அதற்கு வெளியேதான் கொல்லைப்புறம். சிகரெட் பிடிக்கிறவர்கள் நிற்கிற இடம். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது நான் போய் நின்ற இடம். இப்போது அவர்கள் வெளியே நின்று ஊத, அந்த மணம் வென்டிலேட்டர் வழியாக நேராக என் மூக்கைத் தேடிக்கொண்டு வந்தது. பின்கதவைச் சாத்தினேன். அப்போதும் வந்தது. நான் டிரையர் கதவை அறைந்து சாத்த, பெட்ஷீட்டை உதற, யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்ட என்று செவ்வாய்க் காலையை ஓட்டினேன்.

மடிப்பக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "உலகத்துலயே நீ ஒருத்தன்தான் சிகரெட்டை விட்டியா? உன் முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கு நாலு ஷீட்டு கணக்கு விட்டுப்போச்சு. இந்தா, கொண்டு போய் அந்த ஓட்டையை அடை," என்று கிழிசலாக ஒதுக்கியிருந்த பெட்ஷீட்களை என் மேல் எறிந்தாள்.

ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு இடுக்கு விடாமல் திணித்தேன். மணம் நின்றது. அன்று முழுவதும் நான் அறையை விட்டு வெளியே போகவில்லை. சாப்பாட்டையும் டிரையருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். என் மன உறுதியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் தலை வலித்தது. புதன்கிழமை இன்னும் அதிகமாக வலித்தது. "விட்ட புதுசுல தலைவலி வரும்," என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். சரி, தலைவலி போய் திருகுவலி வந்த கதை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மடிப்பக்காவும் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு, "உன்னாலதான்டா எனக்கும் தலைவலி," என்றாள். நான் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புதன் சாயங்காலம் ஊதியபோது சகலைக்கு மூன்று. எனக்குப் பதினாறு. சிஸ்டர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். "ரெண்டு நாள்ல இதைவிட இறங்கியிருக்கணும். வெள்ளிக்கிழமை பார்ப்போம்," என்று மட்டும் சொன்னார். கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

வெள்ளிக்கிழமை இருபத்தொன்பது.

இன்னொரு குழல் போட்டு மறுபடி ஊதினேன். மறுபடியும் இருபத்தொன்பது. பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட எனக்கு இவ்வளவு இல்லை.

"நான் பிடிக்கல," என்றேன்.

"இயந்திரத்துக்கு உங்க மேல என்ன பகை?" என்றார் கணக்கு வாத்தியார். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் சார்."

சிஸ்டர் என் தாளில் ஒரு வார்த்தை எழுதினார். 'புகைத்துள்ளார்.' "யாரும் உங்களைத் தப்பா நினைக்கல. நிறைய பேர் வழுக்கி விழறதுதான். ஆனா இந்தத் தாள் சர்ஜனுக்குப் போகும். நான் மாத்தி எழுத முடியாது."

நாற்காலியை உதைத்தேன், அதுவும் இடது காலால். வலியில் நான் கத்திய கத்தலில் கீழ்த்தள வாட்ச்மேன் மேலே ஓடி வந்தான். இயந்திரத்தையும், சிஸ்டரையும், வாத்தியாரையும், அவர் கற்றுக்கொடுத்த கணக்கையும் சேர்த்துத் திட்டினேன். நான் திட்டத் திட்ட அவர்கள் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. திருடன் அழுவதைப் பார்க்கிற இரக்கம். நான்கு நாள் நரகத்தை அனுபவித்துவிட்டு வந்தவனுக்குப் பொய்யன் என்று பெயர். விரல் கறுத்தது கறுத்ததுதான், காலும் போனது போனதுதான் என்று எனக்கு அழுகை வந்தது.

அப்போது சகலை எழுந்தான்.

"சிஸ்டர், இவர் பிடிக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? கூடவே இருந்தீங்களா?"

"கூட இருந்திருந்தா ஒருத்தரை ஒருத்தர் கொன்னிருப்போம். போன்லதான். நாலு நாளா இவர் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை கூட வரல. எப்பவோ செத்துப்போன எங்கப்பா வரைக்கும் நேத்து போயிட்டார். ஒரே ஒரு சிகரெட் உள்ளே போயிருந்தா, ஒரே ஒரு தடவையாவது 'சாப்பிட்டியா'ன்னு கேட்டிருப்பார். கேட்கல. பிடிச்ச மனுஷன்கிட்ட இவ்வளவு விஷம் இருக்காது சிஸ்டர்."

யாரோ சிரித்தார்கள். அவன் எனக்கு வக்காலத்து வாங்குகிறானா, பழைய பாக்கியைத் தீர்க்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான்.

"தலைவலின்னீங்களே, வீட்டுல இருக்கும்போது வலிக்குதா?"

"உனக்கு எதுக்கு அது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே."

யோசித்தேன். காலையில் எழும்போது இல்லை. லாண்டரியில் பத்து மணி வாக்கில் பிடிக்கும். சாயங்காலம் உச்சத்துக்குப் போகும். ராத்திரி வீட்டில் மெல்ல விட்டுவிடும். அதைச் சொன்னேன்.

அவன் முகம் மாறியது. "எங்கிட்ட இருந்த ஒரு பழைய காருக்கு சைலன்சர் ஓட்டை. மழைக்குக் கண்ணாடியை ஏத்திட்டுக் கிளாஸ் எடுத்தேன். ஏறுன பசங்க எல்லாரும் தலைவலி, வாந்தி. மெக்கானிக்தான் சொன்னான், வண்டிப் புகையில இருக்கறதும் இதே வாயுதான்னு. உங்க டிரையர் எதுல ஓடுது?"

"காஸ்ல."

"இப்ப அந்த ரூம்ல யார் இருக்கா?"

அவசர லோடு ஒன்று வந்திருந்தது. மடிப்பக்கா ஏழு மணி வரை இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

லாண்டரிக்குக் காரில் ஐந்து நிமிஷம். பின்கதவைத் திறந்தபோது நான்கு டிரையர்களும் ஓடிக்கொண்டிருந்தன. மடிப்பக்கா மடிக்காத துணிக் குவியலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏப்ரனில் வாந்தி. கண் பாதி திறந்திருந்தது. "அக்கா," என்றேன். "கத்தாதேடா," என்று குழறினாள். பிறகு தலை தொங்கிவிட்டது.

சகலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினான். நான் டிரையர்களை அணைத்தேன். ஸ்டூலில் ஏறி, நானே திணித்த பெட்ஷீட்களை நானே பிடுங்கினேன். கெண்டைச்சதை கிழிவது போல வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அடுத்தவள் உயிர்ச் செலவில் வைத்திருந்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் கொல்லைப்புறத்திலேயே அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். கால் மணியில் கண்ணைத் திறந்தாள். அவர்களில் ஒருவன் கையிலிருந்த கருவியோடு அறைக்குள் போய், போன வேகத்தில் வெளியே வந்தான். மூன்றாம் நம்பர் டிரையரின் புகைபோக்கியில் துணிப்பஞ்சு கல் போல அடைத்திருந்தது. வெளியே போக வேண்டிய வாயு அறைக்குள் வந்திருக்கிறது. இத்தனை நாள் அது வென்டிலேட்டர் வழியாகவும் திறந்த கதவு வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. நானும் எட்டு முறை சிகரெட் பிடிக்க வெளியே வந்து, எட்டு முறை நல்ல காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். சிகரெட்டை விட்டதும் இரண்டும் நின்றுவிட்டன.

மேனேஜர் வந்தார். பெட்ஷீட்களைப் பார்த்தார். "யார் அடைச்சது?"

சகலை என் காதருகே, "யோசிச்சுப் பேசுங்கண்ணே. வேலை போயிடும்," என்றான். பிறகு அவனே மேனேஜரிடம், "அறையில காஸ் இருந்ததுன்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் வேணும் சார். இவர் ஆபரேஷன் அதுலதான் நிக்குது," என்றான்.

"தாராளமா தர்றேன். ஆனா எப்படி ஆச்சுன்னு அதுல எழுதணும். பண்ணினவன் பேர் எழுதணும். கம்பெனி மேல பழி வரக்கூடாது பாருங்க."

எனக்கு வேலை வேண்டும், காலும் வேண்டும். ஆனால் தரையில் படுத்திருந்தவளைப் பார்த்தபோது இரண்டும் சின்ன விஷயமாகத் தெரிந்தது. "நான்தான் அடைச்சேன்," என்றேன். "சிகரெட் மணம் வருதுன்னு அடைச்சேன். என் பேரை எழுதுங்க."

மடிப்பக்கா மூக்கு மேலிருந்த மாஸ்க்கைத் தூக்கினாள். "துணி குடுத்தது நான். என் பேரையும் எழுது. மாசா மாசம் பைப்பைச் சுத்தம் பண்ண ஆள் கூப்பிடணும், அஞ்சு மாசமா கூப்பிடாதது நீ. உன் பேரையும் எழுது. மூணு பேரும் சேர்ந்தே உள்ள போவோம்." மாஸ்க்கை விட்டுவிட்டு, மறுபடி தூக்கி என்னைப் பார்த்தாள். "உனக்கு உதவி பண்ணப்போய் எமலோகம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்டா, பாவி."

கடிதத்தில் ஒருவர் பெயரும் இல்லை. சனிக்கிழமை காலையிலேயே புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சகலை போன் செய்தான். எடுத்ததும் திட்டத் தயாராக இருந்தேன்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

போனைக் காதிலிருந்து எடுத்து, அவன் நம்பர்தானா என்று பார்த்தேன்.

"கால் எப்படி இருக்கு? நாளைக்கு பயப்படாமப் போங்க, நல்லபடியா வரும். அப்புறம் அண்ணே... அன்னைக்கு வண்டியில நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. கால் சரியானதும் நானே சொல்லித் தர்றேன். உங்களுக்குக் கட்டாயம் வரும்."

ஆறு வருஷம் நெஞ்சில் கிடந்த கல்லை ஒருவன் வந்து எடுத்துப் போட்டது போல இருந்தது. மனைவியிடம் சொன்னபோது அழுதுவிட்டேன். "பார்த்தீங்களா, நல்ல மனுஷன்தான்," என்றாள் அவள். ஆமாம் என்றேன். அலமாரிக் கதவைக்கூட அன்று மெதுவாகத்தான் சாத்தினேன்.

திங்கட்கிழமை நான் ஊதினேன். மூன்று. சிஸ்டர் மறுபடி ஊதச் சொல்லவில்லை. கடிதத்தை என் தாளோடு சேர்த்துக் குத்தினார், எழுதியிருந்த வார்த்தையை அடித்தார், சர்ஜன் அறைக்குப் போன் செய்தார். "பதினெட்டாம் தேதி. வெறும் வயித்தோட வரணும்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கணக்கு வாத்தியாரும் தட்டினார். அவரை மட்டும் நான் முறைத்தேன்.

அடுத்து சகலை. ஊதினான். பதினான்கு.

கைதட்டல் நின்றது. "வர்ற வழியில பஸ் புகை," என்றான், யாரையும் பார்க்காமல். வாத்தியார் தொண்டையைச் செருமினார். எனக்குச் 'சாப்பிட்டீங்களா' என்ற குரல் காதில் கேட்டது. புரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தையைச் சொன்னது அவன் இல்லை, சிகரெட். அதைக் கேட்டு நான் அழுதிருந்தேன். அவனை அங்கேயே அறையலாம் போல ஆத்திரம் வந்தது.

அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

"எத்தனை?"

"நேத்து ரெண்டு. இன்னைக்கு மூணு." சுவரைப் பார்த்துப் பேசினான். "அந்தம்மா தலை என் தோள்ல தொங்குச்சுண்ணே. பொணம் மாதிரி. கண்ணை மூடினா அந்த பாரம்தான். வெள்ளியிலேர்ந்து தூக்கம் இல்ல."

"எனக்குப் போன் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணினேனே."

"பிடிச்சதுக்கு அப்புறம் பண்ணின."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நானும் அவனுக்கு ஒரு போன் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எண், என் தேதி, என் கால் என்றே இரண்டு நாள் போயிருந்தது. அவன் சட்டைப் பையில் கைவிட்டுப் பாக்கெட்டை எடுத்தேன். ஐந்து மிச்சம் இருந்தது. வராந்தா ஓரத்திலிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து நனைத்து, கசக்கி, குப்பைக்கூடையில் போட்டேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணும் போல இருக்குண்ணே. இப்பவே."

"மூணு நிமிஷம். திட்டு."

"என்ன?"

"என்னைத் திட்டு. 'சாப்பிட்டீங்களா'ன்னு இன்னொரு தடவை கேட்டா பல்லைப் பேத்துருவேன். ஆரம்பி."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மூச்சை இழுத்தான்.

"உங்களுக்கு இந்த ஜென்மத்துல வண்டி வராதுண்ணே."

"சத்தமா."

"வராது! கிளட்ச் எது பிரேக் எதுன்னு ஒன்பது நாளா தெரியாத ஆளை நான் அதுக்கு முன்னாடியும் பார்த்ததில்ல, அப்புறமும் பார்த்ததில்ல! கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியைப் பாருங்கன்னா, தலை சீவுன மனுஷன் நீங்க!"

சிஸ்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

"ம், மேல சொல்லு," என்றேன்.